குளிர்காலப் பணமும் கணக்குப்பிள்ளைகளும்

ஏழையின் கையில் காசைக் கொடுத்தால் வீணடித்துவிடுவான் என்பது கொடையாளர்களின் நெடுநாள் அச்சம். லெபனான் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 2013-14 குளிர்காலத்தில் 500 மீட்டர் உயரத்துக்கு மேல் வசித்த சிரிய அகதிக் குடும்பங்களுக்கு, ஐ.நா. அகதிகள் உயர் ஆணையமும் துணை அமைப்புகளும் சுமார் 575 டாலரை ஏ.டி.எம். அட்டை வழியே வழங்கின. கோட்டுக்குச் சற்று மேலே இருந்தோரையும் சற்றுக் கீழே இருந்தோரையும் இன்டர்நேஷனல் ரெஸ்க்யூ கமிட்டியின் ஆய்வு ஒப்பிட்டது. ஊதாரித்தனத்துக்குச் சான்றில்லை, குழந்தைகளை வேலைக்கு அனுப்புவது குறைந்திருந்தது. குளிர்காய்வதற்கென்று தந்த பணத்தில் பெரும்பகுதி உணவுக்கும் தண்ணீருக்கும் போயிருந்தது.

'இலக்கு தவறியது' என்று எழுதிக்கொள்வான் கணக்குப்பிள்ளை. பிள்ளையை வெறும் வயிற்றோடு கணப்பருகே உட்காரச் சொல்லும் தாய் எந்த ஊரில் இருக்கிறாள்? தவறியது அவள் செலவன்று, உதவியின் அளவு.

பிற்பாடு அதே நாட்டில் மாதம் 175 டாலர் பெற்ற குடும்பங்களை ஆராய்ந்தவர்கள், உதவி நின்ற 6 மாதங்களுக்குள் பலனும் மறைந்துவிட்டதைக் கண்டார்கள். உடனே, 'நீடித்த பயன் இல்லை' என்றொரு தீர்ப்பு எழுகிறது. விவசாயம், கட்டுமானம், துப்புரவு போன்ற சில துறைகளைத் தவிர மற்ற வேலைகள் அன்று சிரியர்களுக்கு மூடப்பட்டிருந்தன. உழ நிலம் தராமல் விதைநெல்லைக் கையில் திணித்தால் பசித்தவன் அதைச் சமைத்துத்தான் உண்பான். விளைச்சல் எங்கே என்று அவனைக் கேட்பது அறமாகாது.

சோறு நின்றால் பசி திரும்பும். அதைச் சோற்றின் குற்றமாக எழுதும் மதிப்பீட்டை நான் ஏற்க மாட்டேன். அகதியின் செலவை அளந்தவர்கள், அவனை உழைக்கவிடாத சட்டத்தையும் அளக்கட்டும்.