மூவிழைக் கயிறு

இயற்பியல் என்றவுடன் கல்லும் இரும்பும் ஒளியும் மின்னுமே பலர் நினைவில் எழுகின்றன. உயிரைத் தொடுவது உயிரியலார் பணி என்று கற்றோரும் கருதி, நடுவே ஒரு வேலி கட்டியுள்ளனர். மேனிலைப்பள்ளி மாணவனின் பைக்குள் இரு பாடநூல்களும் அருகருகே கிடந்தும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. இவ்வேலி பொய்வேலி என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகமே எழுபது ஆண்டுகளுக்கு முன் உலகிற்குக் காட்டிற்று. அதனைச் சென்னையே மறந்து நிற்பதன்றோ வியப்பு!

1952ஆம் ஆண்டு கோ. நா. இராமச்சந்திரன் அப்பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். அவருக்கு அகவை அப்போது முப்பதளவே. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த அறிஞர் பெர்னால், கொலாசன் என்னும் நார்ப்புரதத்தின் கட்டமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று அவரிடம் கூறினார். தோலையும் என்பையும் தசைநாணையும் கட்டி நிறுத்துவது அது. மாந்த உடற்புரதத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதுவே. ஆய்வுப் பொருளுக்கு இராமச்சந்திரன் அயல்நாடு ஓடவில்லை. அடையாற்றில் நடுவண் தோல் ஆய்வு நிறுவனம் இருந்தது. அங்கே கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது. (இந்நாட்டுக் காடுகளில் காணவியலா விலங்கின் வால் அடையாற்றில் கிடைத்தது நல்லூழே!) தோல் பதனிடுவார்க்கென எழுந்த நிறுவனமும் ஊடுகதிர் ஆயும் இயற்பியற் கூடமும் கைகோத்தன.

கொலாசன் மூன்றிழைகள் சேர்ந்தது என்று கோபிநாத் கர்த்தாவுடன் 1954இல் அவர் அறிவித்தார்; அவ்விழைகள் கயிறுபோல் ஒன்றையொன்று முறுக்கி நிற்பதை மறு ஆண்டு சேர்த்துரைத்தனர். ஒவ்வோரிழையிலும் மூன்றாம் இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோக்காடி அமர்ந்துள்ளது. கயிற்றின் நடுவே அதற்கு மட்டுமே இடமுண்டு. அவ்விடத்தில் பெரியதொன்று புகுந்துவிடின், எளிதில் என்பு முறியும் பிறவிநோய் உண்டாகலாம். இழைகளை உறுதியாக்கும் மாற்றத்திற்கு உயிர்ச்சத்து 'சி' வேண்டும். அது மிகக் குன்றினால் ஈற்றில் குருதி கசிகின்றது. மருத்துவர் காணும் நோய்க்கு அணுத்திரளின் பருமன் கரணியமாகின்றது! இஃது இயற்பியல் அன்று என்பார் யார்?

கிரிக், இரிச் என்னும் இருவர் மறுத்தனர். சில அணுக்கள் அளவுமீறி நெருங்கிவிட்டன என்றனர். மூன்று காடிக்கு இரு நீரகப் பிணைப்பில்லை, ஒன்றே என்றனர். ஒரு பிணைப்பு என்ற திருத்தம் நிலைத்தது. மூவிழை என்னும் அடிப்படையும் நிலைத்தது. மறுப்பை வசையாகக் கொள்ளாது வினாவாகக் கொண்டதே இராமச்சந்திரனின் பெருமை. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? ஆய்ந்தறியப்பட்ட படிகங்களின் அளவுகளைத் திரட்டி, இராமகிருட்டிணன், சசிசேகரன் ஆகியோருடன் புரதத்தொடரின் இரு முறுக்குக் கோணங்களைக் கணித்து, 1963இல் ஒரே தாளில் அடங்கும் வரைபடமாக்கினார். அதில் பெரும்பகுதி அணுக்கள் மோதிக்கொள்ளும் விலக்கிடம். சிறு தீவுகளே இசைவிடம். இன்று கணிப்பொறி முன்னறிந்து வரையும் புரத வடிவங்களையும் இப்படத்தின்மேல் வைத்தே சரிபார்க்கின்றனர். அவ்வாறு முன்னறியும் முறைக்கு 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

'சி.டி.' என்று மருத்துவமனைகளில் வழங்கும் குறுக்குவெட்டுப் படத்தைக் கட்டியெழுப்பும் கணக்குமுறை ஒன்றையும் 1971இல் இலட்சுமிநாராயணனுடன் அவர் வெளியிட்டார். அதனை விரிப்பின் பெருகும்.

அவருக்கு நோபல் பரிசு கிட்டவில்லையே என்று ஏங்குவார் உளர், வெற்று ஏக்கம்! மூன்று கயிற்றையும் சில மணிகளையும் கொண்டு ஒரு பாடவேளைக்குள் இம்முறுக்கைப் பள்ளிச் சிறுவர்க்குக் காட்டிவிடலாம். அதற்குப் பெருங்கூடம் வேண்டா; விலைமிக்க கருவியும் வேண்டா. கொலாசனும் கிளைசினும் அயற்பெயர்களாகவே இருக்கட்டும். இழை, முறுக்கு, புரி, பிணைப்பு என்பன கயிறு திரிப்பவனும் நெய்பவனும் நாள்தோறும் வழங்கும் சொற்களே.