தப்பியவன் கணக்கை எழுதுவது யார்?

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்பார்கள் நம் நாட்டிலே. லாரி உரசிச் சென்றது. சைக்கிளில் வந்தவன் மண்ணிலே சாய்ந்தான். எழுந்தான்; முழங்காலைத் துடைத்துக்கொண்டான்; முன் சக்கரத்தைக் கால்களுக்கிடையே இடுக்கி, திரும்பிப்போன கைப்பிடியை நேராக்கினான்; போய்விட்டான். கூடிய நாலு பேர் "ஆயுசு கெட்டி" என்றார்கள், "ஆண்டவன் காப்பாற்றினான்" என்றார்கள், கலைந்தார்கள். லாரியோ அதற்குள் இரண்டு மைல் கடந்திருக்கும். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை.

தலைப்பாகையோடு போயிற்றா அது? போகவில்லை, தோழர்களே! அந்த லாரி நாளையும் அதே வழியில் வரும். அதே வேகத்தில் வரும். அதே குறுகிய சாலையிலே, அதே உடைந்த ஓரத்திலே, நாளை வேறொருவன் மிதித்துக்கொண்டு வருவான். இன்று தலைப்பாகை, நாளை தலை! மயிரிழையில் தப்பியவன் பெற்றது விடுதலையன்று, தவணை.

இந்தத் தவணையைத்தான் விதி என்று பெயரிட்டு நம்மை விழுங்கச் சொல்கிறார்கள்.

ஆலையிலே வேலை செய்கிற தோழர்களுக்கு ஒன்று தெரியும். தலைக்கு மேலே தூக்கிய இரும்புத் தூண் சங்கிலி அறுந்து விழுகிறது; அடியிலே நின்றவன் ஒரு விநாடி முன்புதான் நகர்ந்தான்; அடிபடவில்லை. ஒழுங்கான ஆலையிலே அதை "தப்பினான், நல்லதாயிற்று" என்று விடுவதில்லை. எழுதி வைப்பார்கள், சங்கிலியைச் சோதிப்பார்கள், காரணம் கேட்பார்கள். 1931-இல் ஹெய்ன்ரிச் என்ற அமெரிக்கர், ஆலை விபத்துகளை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். ஒரு பெரும் விபத்துக்குப் பின்னே 29 சிறு விபத்துகளும், காயமே படாத 300 நிகழ்ச்சிகளும் இருக்கின்றன என்பது அவர் சொன்ன கணக்கு. அந்த எண்கள் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தா என்று பின்னால் வந்தோர் வாதித்ததுண்டு. ஆயினும், காயம் படாத விபத்தும் கணக்கிலே ஏறவேண்டும் என்ற பாடம் நிலைத்துவிட்டது. வானத்திலே இரண்டு விமானங்கள் நெருங்கி விலகினால் அறிக்கை எழுதுகிறார்கள், ஆராய்கிறார்கள். ஆகாயத்திலே பறப்பவனுக்கு உள்ள அந்த மரியாதை, தரையிலே மிதிப்பவனுக்கு ஏன் இல்லை?

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளிலே மாண்டோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசே கணக்குக் காட்டியது. செத்தவனுக்குக் கணக்கு இருக்கிறது. தப்பியவனுக்கு? அந்தப் பேரேட்டிலே அவனுக்குப் பத்தியே கிடையாது!

"சைக்கிள்காரன் ஜாக்கிரதையாகப் போகவேண்டியதுதானே? மெதுவாக, ஓரமாகப் போகக்கூடாதா?" என்று உபதேசம் செய்கிறார்கள், காருக்குள்ளே கண்ணாடியை ஏற்றிவிட்டு அமர்ந்திருக்கும் கனவான்கள். அவர்களுக்கு இலண்டன் மாநகர் பிடிக்கும். ஆகவே அங்கிருந்தே பதில் தருவோம். ரேச்சல் ஆல்ட்ரெட் என்ற ஆராய்ச்சியாளர், 2014-இல் பிரிட்டனில் மிதிவண்டி ஓட்டுவோரை நாட்குறிப்பு எழுதச் சொன்னார். மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சிகளைக் குறிக்கச் சொன்னார். என்ன தெரிந்தது? நாள்தோறும் மிதிவண்டியில் வேலைக்குப் போகிறவர், குலை நடுங்கும்படியான நிகழ்ச்சி ஒன்றை ஏறத்தாழ வாரத்துக்கு ஒரு முறை சந்திக்கிறார். மணிக்கு 8 மைலுக்குக் குறைவாகப் போகிறவருக்கு, 12 மைலுக்கு மேல் போகிறவரைவிட, ஒவ்வொரு மைலுக்கும் மும்மடங்கு ஆபத்து! மெதுவாகப் போனால் பிழைக்கலாம் என்ற உபதேசம் எங்கே, இந்த உண்மை எங்கே?

நம் நாட்டிலே மெதுவாகப் போகிறவர் யார்? இரு பக்கமும் பால் கேன் தொங்கப் போகிறவர். பின்னால் இளநீர்க் குலையைக் கட்டிக்கொண்டு போகிறவர். மண்வெட்டியையும் சோற்றுத் தூக்கையும் மாட்டிக்கொண்டு விடியுமுன் கட்டட வேலைக்குப் புறப்படுகிற தொழிலாளி. இந்த ஏட்டை உங்கள் வாசலில் வீசிவிட்டுப் போனாரே, அந்தத் தோழர். 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி, விவசாயமும் வீட்டுத் தொழிலும் நீங்கலாக, வேலைக்குப் போகிறவர்களில் நூற்றுக்கு 13 பேர் மிதிவண்டியிலே போனார்கள். அவர்கள் விளையாட்டுக்காக மிதிக்கவில்லை, வயிற்றுக்காக மிதித்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு மிதிவண்டி அந்நியமன்று. 1949-இலே அம்பத்தூரில் மிதிவண்டி ஆலை கண்ட நாடு இது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள், அறிவொளி இயக்கத்தின் துணையோடு, ஆயிரமாயிரமாக மிதிவண்டி கற்றார்கள். கல் உடைக்கும் பெண்ணும், வயல் வேலைக்காரியும், குழந்தையை முன்னே ஏற்றி, தண்ணீர்க் குடத்தைப் பின்னே கட்டி, ஊர்ப் பேச்சை உதறிவிட்டு ஓட்டினார்கள். 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு அரசு இலவச மிதிவண்டி தந்தது; 2005-06-இல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் படிக்கும் எல்லோருக்கும் விரித்தது. நல்ல காரியம்! ஆனால் வண்டியைக் கொடுத்த கை, வழியைக் கொடுத்ததா? பள்ளி விட்டதும் அந்தப் பெண் எந்தச் சாலையில் திரும்புகிறாள்? செங்கல் லாரியும் மணல் லாரியும் சீறுகிற சாலையிலேதானே! ஓடத்தைக் கொடுத்துவிட்டு, ஆற்றிலே முதலையை விட்டதுபோல் அல்லவா இருக்கிறது இது!

அந்த முதலைகளுக்குப் பெயர் இல்லையா? உண்டு. முந்திச் சென்று, திடீரென்று இடப்பக்கம் ஒடித்து நிறுத்தத்திலே நிற்கும் பேருந்து. பின்னால் வருவது யார் என்று பாராமல் திறக்கப்படும் கார்க் கதவு. கண்ணைக் குருடாக்கும் எதிர் விளக்கு. வெள்ளைக் கோடு போடாத வேகத்தடை. தார் மேலே மேலே போட்டு, மண் ஓரத்துக்கும் சாலைக்கும் இடையே ஒரு சாண் பள்ளம் விட்ட விளிம்பு. கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாட்டில் அமைந்து, சைக்கிள் சக்கரத்தை அப்படியே விழுங்கும் வடிகால் மூடி. கழுத்தை அறுக்கும் மாஞ்சா நூல். 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவுக்குத் தடை விதித்தது. தடைக்குப் பின்னும் அறுந்த கழுத்துகள் உண்டு.

இவற்றிலே எது விதி? எது ஆண்டவன் செயல்? வடிகால் மூடியைக் குறுக்குக் கம்பியாக அமைக்காதவன் ஒரு மனிதன். அதற்குப் பட்டியல் எழுதிப் பணம் பெற்றவன் ஒரு மனிதன். சரியென்று கையெழுத்திட்டவன் ஒரு மனிதன். லாரி ஓட்டும் தோழனும் நம்மைப் போன்ற தொழிலாளிதான். இத்தனை நடை அடித்தால்தான் கூலி என்று அவனைத் தூக்கமில்லாமல் விரட்டுகிறானே முதலாளி, அவனும் ஒரு மனிதன்! ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் ஒரு கையெழுத்து இருக்கிறது, தோழர்களே! அந்தக் கையெழுத்தை மறைக்கத்தான் "விதி" என்ற திரை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? மனித உயிருக்கு ஆபத்து விளையும்படி கண்மூடித்தனமாக வண்டி ஓட்டுவதே குற்றம் என்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் போகவேண்டும் என்று சொல்லவில்லை. இரத்தம் சிந்தவேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆபத்து உண்டாக்கினாலே குற்றம்! பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவும் இதையே சொல்லிற்று. மோட்டார் வாகனச் சட்டத்திலே 2019-இல் 198-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சாலையைத் தரமின்றி அமைத்து, அதனால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஏட்டிலே சுரைக்காய் காய்த்துத் தொங்குகிறது, கறிக்கு உதவுகிறதா?

ஒரு காலத்தில், இரவிலே விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியவனை மூலையில் மறைந்து நின்று பிடித்தது போலீஸ். சைக்கிளுக்கு வரி வாங்கி வில்லை அடித்தது நகராட்சி. அபராதம் வாங்க வேண்டும் என்றால் மட்டும் சைக்கிள்காரன் கண்ணுக்குத் தெரிந்தான்; அவனை லாரி தள்ளினால் மட்டும் எல்லாக் கண்ணும் மூடிக்கொண்டன!

கல்கத்தாவைப் பாருங்கள். 2008-இல் சில முக்கியச் சாலைகளிலே மிதிவண்டிக்குத் தடை விதித்தார்கள். 2013-இல் அந்தத் தடை 174 சாலைகளுக்குப் பரவியது. காரணம்? போக்குவரத்துக்கு இடைஞ்சலாம், ஆபத்தாம்! ஓநாய் வருகிறது என்று ஆட்டைக் கொன்றுவிடுகிற நீதி இது. இரு வேறு ஆட்சிகளின் காலத்திலே அது நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். கோட்டையிலே எந்தக் கொடி பறந்தாலும், ஏழையின் வண்டி கேட்க நாதியில்லாமல் கிடந்தால், அதன்மேல் தான் முதலில் கை விழும்.

சென்னை மாநகராட்சி 2014-இல் ஒரு கொள்கை வகுத்தது. போக்குவரத்துக்கான நிதியிலே நூற்றுக்கு 60 பங்காவது நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் என்றது. அழகான கொள்கை! ஆனால் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நம் தோழன் அண்ணாசாலையைச் சைக்கிளில் கடக்க முடியுமா? 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், நடப்போரையும் மோட்டார் பூட்டாத வண்டிகளையும் பற்றி 138(1ஏ) பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் விதி வகுக்குமாறு மாநிலங்களுக்குக் கட்டளையிட்டது. விதி வகுப்பது செக்ரடேரியட் வேலை. அது சாலையிலே நடக்கிறதா என்று பார்ப்பது யார் வேலை?

நம் வேலை, தோழர்களே!

நெதர்லாந்து நாட்டைக் காட்டி, "அங்கே பாதை இருக்கிறது, பண்பு இருக்கிறது" என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. பாதை அங்கே தானாக முளைக்கவில்லை. 1971-இலே அச்சிறு நாட்டின் சாலைகளில் மாண்டோர் மூவாயிரத்துக்கு மேல். அவர்களிலே குழந்தைகள் நானூறுக்கு மேல்! விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளரின் சின்ன மகளும் அந்த ஆண்டு பள்ளிக்குச் சைக்கிளில் போகும் வழியிலே மாண்டாள். 1972-இல் அவர், "குழந்தைக் கொலையை நிறுத்து" என்று தலைப்பிட்டு எழுதினார். விபத்து என்று எழுதவில்லை. கொலை என்று எழுதினார். அந்தச் சொல் இயக்கமாயிற்று. பெற்றோர் தெருவை மறித்தார்கள், குழந்தைகளோடு சாலையிலே அமர்ந்தார்கள், பாராளுமன்றத்தைத் தட்டினார்கள். பாதை வந்தது, சட்டம் வந்தது. பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தை சைக்கிளில் வந்து மோதுண்டால், இழப்பீட்டுப் பொறுப்பு மோட்டாரின் பக்கமே என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. மோட்டார்கள் பெருகிய பின்னும், ஆண்டுச் சாவு ஆயிரத்துக்கும் கீழே இறங்கிற்று. கண்ணீரைக் கணக்காக்கினார்கள், கணக்கைக் கோரிக்கையாக்கினார்கள், வென்றார்கள்.

கோரிக்கை வைப்பதற்கு முன் நம் வீட்டையும் பெருக்க வேண்டும். மாநாட்டு வளைவுக்குச் சாலையோரத்திலே குழி தோண்டுகிறோம்; மாநாடு முடிந்ததும் குழி அப்படியே கிடக்கிறது. இருளிலே அதில் விழுகிற சைக்கிள்காரன், நம் கூட்டத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிற தோழனாகவே இருப்பான்! 2019 செப்டம்பரில் சென்னையிலே, கட்சிக்காரர் ஒருவர் வீட்டுத் திருமணத்துக்காகக் கட்டிய பதாகை சரிந்து, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண்ணைத் தள்ளியது. பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர்மேல் ஏறியது. அது எந்தக் கட்சி என்ற கேள்வியிலே ஒளிந்துகொள்ள வேண்டாம். குழிக்கும் பதாகைக்கும் கட்சி கிடையாது.

ஆகவே ஒவ்வொரு கிளையிலும், ஒவ்வொரு படிப்பகத்திலும், ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். சைக்கிளில் வந்து தப்பியவர் யாராயினும், எந்தக் கட்சியாயினும், சொல்லச் சொல்லுங்கள், எழுதுங்கள். எந்த இடம், எந்த நேரம், எந்த வகை வண்டி, எந்தப் பள்ளம். மூன்று மாதம் எழுதினால், ஒரே திருப்பம் பத்து முறை வருவதைக் காண்பீர்கள். அந்தப் பக்கத்தைக் கிராம சபையிலே படியுங்கள்; வார்டு உறுப்பினர் முன்னே வையுங்கள்; காவல் நிலையத்திலே கொடுத்து ரசீது கேளுங்கள். ஜெர்மனியிலே, சைக்கிளை முந்துகிற மோட்டார் ஊருக்குள்ளே ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் விலகிப் போகவேண்டும் என்று 2020-இல் அளவு குறித்தார்கள். அப்படி அளவு குறித்த விதி இங்கும் வேண்டும் என்று கேளுங்கள். பள்ளிக்குப் போகும் வழியிலே தனிப் பாதை கேளுங்கள். குறுக்குக் கம்பி மூடி கேளுங்கள். அதற்குக் கோடிகள் தேவையில்லை, கொல்லன் பட்டறை போதும்!

நாளைக் காலையில் ஒருவன் மண்ணிலிருந்து எழுந்து முழங்காலைத் துடைப்பான். "ஆயுசு கெட்டி" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். "எந்த இடத்திலே, தோழா?" என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள்!