கப்பலைப் பார்ப்பதா, கடல்வழியைப் பார்ப்பதா?

பள்ளி விடுமுறை நெருங்கும்போது உல்லாசக் கப்பல் பயண விளம்பரங்களும் பெருகுகின்றன. சிங்கப்பூரின் மரினா பே உல்லாசக் கப்பல் முனையம் 2012ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கிருந்து பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் சென்று வருவது இன்று பலரும் அறிந்த விடுமுறைப் பயணம். அவ்வாறு சென்று வந்தவர்களுள் சிலர், அடுத்ததாக அலாஸ்கா போன்ற இயற்கை எழில் மிக்க தொலைதூர இடங்களுக்குக் கப்பலில் செல்ல ஆசைப்படுகிறார்கள். அதற்காகப் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகப் பணம் சேர்க்கும் குடும்பங்களும் உண்டு. அப்படிச் சேர்த்த பணத்தை எதைப் பார்த்துச் செலவிட வேண்டும் என்பது எளிய கேள்வியன்று.

விளம்பரங்கள் பெரும்பாலும் கப்பலையே காட்டுகின்றன. நீச்சல் குளம், நீர்ச்சறுக்கு, நாடக அரங்கு, பலவகை உணவகங்கள் ஆகியவை கண்ணைக் கவர்கின்றன. இதனால் பலர் முதலில் கப்பலைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அது எங்கே போகிறது என்பதைப் பிறகுதான் கேட்கிறார்கள். மூன்று நாள் பயணத்துக்கு இது பொருந்தலாம். அங்கே கப்பலே விடுமுறை. இயற்கைக் காட்சிகளைக் காண்பதற்காகவே செல்பவர்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. முதலில் கடல்வழி, அடுத்து மாதம், கடைசியில் கப்பல் என்பதே அனுபவமிக்க பயணிகள் கூறும் அறிவுரை. அதுவே சரியானதும்கூட.

இதற்கு அலாஸ்கா பயணமே நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள கிளேசியர் பே என்னும் விரிகுடா, 1794ஆம் ஆண்டு ஜார்ஜ் வான்கூவரின் கப்பல்கள் அவ்வழியே சென்றபோது பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தது. 1916ஆம் ஆண்டுக்குள் பனி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பின்வாங்கியது. பனி விலகிய இடத்தில் கடல் புகுந்தது, காடும் வளர்ந்தது. 1980ஆம் ஆண்டு முதல் இவ்விடம் தேசியப் பூங்காவாக விளங்குகிறது. ஒரு நாளில் இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கு மேல் இங்கே அனுமதி இல்லை. பூங்காக் காவலர்கள் கப்பலில் ஏறி, பனியாறுகளைப் பற்றியும் விலங்குகளைப் பற்றியும் பயணிகளுக்கு விளக்குகிறார்கள். பெரிய கப்பல்கள் இங்கே கரையில் நிற்பதில்லை. பகலின் பெரும்பகுதியை விரிகுடாவுக்குள் மெதுவாகச் செல்வதிலேயே கழிக்கின்றன.

இரண்டு கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி என்பதால், அலாஸ்கா செல்லும் எல்லாக் கப்பல்களும் இங்கே நுழைவதில்லை. பயணத்தின் பெயரில் ‘அலாஸ்கா’ என்று இருப்பதை நம்பிப் பணம் கட்டிவிட்டு, பிறகு ஏமாற்றம் அடைவதில் பயனில்லை. பயண அட்டவணையை நாள்வாரியாகப் படித்துப் பார்ப்பதே அறிவுடைமை.

புறப்படும் துறைமுகமும் காட்சியை மாற்றும். கனடாவின் வான்கூவரிலிருந்து வடக்கே செல்லும் கப்பல்கள் பொதுவாகத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கடல்வழியில் செல்கின்றன. இருபுறமும் மலையும் காடும் தெரியும், அலையும் குறைவு. அமெரிக்காவின் சியாட்டலிலிருந்து புறப்படும் கப்பல்கள் பலவும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த கடலில் செல்கின்றன. மேலும், 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, சியாட்டலில் புறப்பட்டு அங்கேயே திரும்பும் வெளிநாட்டுக் கப்பல் இடையில் வேறொரு நாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். ஆகவே அவை கனடாவின் விக்டோரியா நகரில் நிற்கின்றன. பெரும்பாலும் அது மாலையில் சில மணி நேரம் மட்டுமே. அட்டவணையில் அதுவும் ஒரு துறைமுகமாகவே எண்ணப்படும். எத்தனை துறைமுகங்கள் என்று எண்ணுவதைவிட, ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரம் என்று பார்ப்பதே மேல்.

அடுத்தது மாதம். அலாஸ்காவின் கப்பல் பயணக் காலம் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை நீடிக்கிறது. ஜூன் பள்ளி விடுமுறையில் செல்லலாம். ஆண்டிறுதி விடுமுறையில் செல்ல இயலாது. ஜூன் மாதத்தில் ஜூனோ நகரில் இரவு பத்து மணி அளவில்தான் கதிரவன் மறையும். ஆனாலும் மழையை எதிர்பார்த்தே செல்ல வேண்டும். கெச்சிக்கன் நகரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. இது சிங்கப்பூரின் மழையளவைவிட மிக அதிகம். தடித்த குளிராடை ஒன்றை மட்டும் கொண்டு செல்வதைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியக்கூடிய மெல்லிய உடைகளும் மழைக்கோட்டும் அதிகம் உதவும். தொலைநோக்கியையும் மறக்கக் கூடாது.

அறையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. கடல் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறை நல்லது. அங்கே ஆட்டம் குறைவு. சன்னல் உள்ள அறை மலிவாகக் கிடைத்தால், உயிர்காப்புப் படகு காட்சியை மறைக்கிறதா என்று கேட்க வேண்டும். பனியாற்றின் முன் கப்பல் மெதுவாகத் திரும்புவது வழக்கம் என்பதால், எந்தப் பக்கத்து அறை என்று பெரிதும் கவலைப்படத் தேவையில்லை. வான்கூவருக்கோ சியாட்டலுக்கோ ஒரு நாள் முன்னதாகவே சென்று சேர்வது பாதுகாப்பானது. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. பயணச்சீட்டின் விலையோடு சேவைக் கட்டணம், இணையக் கட்டணம், கரைச் சுற்றுலாக் கட்டணம், பயணக் காப்புறுதி ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே ஒரு பயணம் மலிவா இல்லையா என்று முடிவு செய்ய முடியும்.

இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டுமா, விடுமுறை என்பது ஓய்வுக்காகத்தானே என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. தாத்தா பாட்டியோடும் சிறுபிள்ளைகளோடும் செல்லும் குடும்பத்துக்குக் கப்பலின் வசதிகள் பெரிய துணை. மலை ஏற முடியாத முதியவரும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பனியாற்றைக் காணலாம். இது வேறு பயணங்களில் எளிதில் கிடைக்காத வாய்ப்பு. ஆகவே வசதியை நாடுவது தவறன்று. ஆனால், எந்தக் காட்சியைக் காட்டுவதற்காக அந்த முதியவரை அவ்வளவு தொலைவு அழைத்துச் செல்கிறார்களோ, அது அந்தப் பயணத்தில் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்ய வேண்டாமா?

இந்தத் தேர்வில் பிறருக்கும் பங்கு உண்டு. ஏறத்தாழ 30,000 பேர் வாழும் ஜூனோ நகரில், ஒரே நாளில் பல பெரிய கப்பல்கள் வந்தால் தெருக்கள் நிரம்பி வழியும். அதனால் 2024ஆம் ஆண்டு முதல் அங்கே நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்று வரம்பு வைக்கப்பட்டுள்ளது. நெரிசல் குறைந்த நாளைத் தேர்ந்தெடுக்கும் பயணி, தானும் நிம்மதியாகச் சுற்றிப் பார்க்கிறார். அவ்வூர் மக்களின் சுமையையும் சற்றுக் குறைக்கிறார்.

வசதிகளில் மயங்கிக் காட்சியை இழப்பது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதைப் போன்றது. நீர்ச்சறுக்கும் நாடக அரங்கும் வேறு பல கப்பல்களிலும் கிடைக்கும். பனியாற்றிலிருந்து பெரும் பனிக்கட்டி உடைந்து கடலில் விழும் ஓசையை எல்லா இடத்திலும் கேட்க முடியாது. எந்த வழி, எந்த மாதம், எத்தனை மணி நேரம் என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகு பணம் கட்டுவதே, பல ஆண்டுச் சேமிப்புக்குச் செய்யும் நியாயம்.