பெயருக்குப் பணமா? எந்திரத்துக்குப் பணமா?

திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை. திருவள்ளூர் ரெயில் பாதையில் உள்ள இந்த ஊர்களில் வீட்டு மனைகள் பெருகி விட்டன. அஸ்திவாரம் தோண்ட வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வெட்ட வேண்டும். மேட்டை நிரவ வேண்டும். எல்லாவற்றுக்கும் மண் தோண்டும் எந்திரம் தேவை.

"கூலிக்கு ஓட்டுவதை விட, சொந்தமாக ஒன்று வாங்கினால் என்ன?" என்று டிரைவர்கள் நினைப்பது இயற்கை. புதிது வாங்கப் பணம் போதாது. பழையதைத் தேடுகிறார்கள். மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. ஆகவே இது எந்திரக் கணக்கு மட்டும் அல்ல, குடும்பக் கணக்கு!

பெயர் மயக்கம்

மண் தோண்டும் எந்திரத்தைப் "பொக்லைன்" என்கிறோம். அது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். "ஜே.சி.பி." என்கிறோம். அது இங்கிலாந்துக் கம்பெனி. ஜோசப் சிரில் பாம்போர்டு என்பவரின் பெயர்ச் சுருக்கம். முன்னால் அள்ளவும் பின்னால் தோண்டவும் வல்ல எந்திரத்தை அவர் 1953-ல் செய்தார். 1979-ல் அந்தக் கம்பெனி அரியானாவில் உள்ள பல்லப்கருக்கு வந்தது.

ஆனால், அது ஒன்றுதானா எந்திரம்? அமெரிக்காவின் கேஸ் கம்பெனிக்கு மத்திய பிரதேசத்தில் தொழிற்சாலை உண்டு. கேட்டர்பில்லர் தொழிற்சாலை திருவள்ளூரிலேயே இருக்கிறது. மகிந்திரா 2011-ல் இந்தத் தொழிலில் இறங்கியது. கோவையில் புல் கம்பெனி உண்டு.

"இவற்றில் எது சிறந்தது?" என்று கேட்பவர்களே அதிகம். அது சரியான கேள்வி அல்ல. "பழுதானால் எத்தனை நாள் நிற்கும்?" என்பதே கேள்வி!

நின்றால் வாடகை இல்லை

வாடகை மணிக் கணக்கில் வருகிறது. எந்திரம் நின்றால் வாடகையும் நின்று விடும். கடன் தவணை நிற்காது! ஐம்பதாயிரம் ரூபாய் மலிவாக வாங்கி, ஒரு உதிரிப் பாகத்துக்காகப் பத்து நாள் காத்திருந்தால் மிச்சம் என்ன?

தொழிற்சாலை பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது. உதிரிப் பாகம் விற்கும் கடை எங்கே? அந்த எந்திரம் தெரிந்த மெக்கானிக் யார்? வாங்கும் முன்பே நேரில் போய் விசாரிக்க வேண்டும்.

"அப்படியானால் ஊரெல்லாம் ஓடுவதையே வாங்கி விடலாமே?" என்று கேட்கலாம். நியாயம்தான். பாகம் எளிதில் கிடைக்கும். திரும்ப விற்பதும் எளிது. ஆனால் பெயருக்காகவே விலை ஏறும். தேய்ந்து போன எந்திரமும் புதுப் பெயிண்டு பூசிக்கொண்டு, அந்தப் பெயரிலேயே விலை போகும். ஒரே முதலாளி பேணி வைத்த வேறு கம்பெனி எந்திரம், பாகமும் ஆளும் பக்கத்தில் இருந்தால், அதை விட எவ்வளவோ மேல்!

எதைப் பார்ப்பது?

காலையில், என்ஜின் சூடாகும் முன்பே போக வேண்டும். ஒரே தட்டில் கிளம்புகிறதா? புகை நிற்காமல் வருகிறதா? பின்பக்கக் கையைத் தூக்கி நிறுத்தி, என்ஜினை அணைத்துத் தள்ளி நின்று பாருங்கள். கை வேகமாகக் கீழே இறங்கினால் ஹைட்ராலிக் கசிகிறது என்று பொருள். மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் பின்னும் புஷ்ஷும் தேய்ந்து விட்டன. வெல்டிங் வைத்த தழும்புகளையும் தேடுங்கள். மீட்டர் குறைந்த மணி காட்டி, மிதிகட்டை வழவழப்பாகத் தேய்ந்திருந்தால், மிதிகட்டையை நம்புங்கள்!

எந்த ஆண்டு எந்திரம் என்பதும் முக்கியம். புகைக் கட்டுப்பாடு 2021 ஏப்ரலில் கடுமையாயிற்று. அதன் பிறகு வந்தவற்றில் மின்னணுக் கருவிகள் அதிகம். டீசல் மிச்சமாகலாம். ஆனால் பழுதானால் கம்பெனி ஆள் வர வேண்டியிருக்கும். பழையவற்றை உள்ளூர் மெக்கானிக்கே பார்த்து விடுவார்.

கடைசியாக, காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்த சான்று வராமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. இல்லாவிட்டால் பணம் கொடுத்தவர் ஒருவர், எந்திரத்தை ஓட்டிச் செல்பவர் வேறொருவர் என்று ஆகிவிடும்!

பெயர் மண்ணைத் தோண்டாது. எந்திரம்தான் தோண்ட வேண்டும். அடகுக் கடைக்குப் போன நகையை மீட்டுத் தரும் எந்திரமே நல்ல எந்திரம். அதன் மேல் எந்தக் கம்பெனியின் பெயர் எழுதியிருந்தால் என்ன?