கேட்டுச் சாப்பிடுவோம்

குழுப்பணி முடிந்த கையோடு, “திம்சம் சாப்பிடப் போகலாமா?” என்று யாராவது கேட்பது பல்கலைக்கழகத்தில் வழக்கம். உடனே நம் தமிழ் மாணவர்கள் சிலர் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிவிடுவார்கள். உண்மையில் வேலை எதுவும் இருக்காது. அங்கே எதைச் சாப்பிடலாம் என்று தெரியாத தயக்கம். கேட்டால் மற்றவர்களுக்குத் தொந்தரவோ என்ற கூச்சம். அவ்வளவுதான்.

இந்தக் கூச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது என்பது என் கருத்து. வகுப்பில் பாடத்தைப் பற்றிப் பேசுவோம். சாப்பாட்டு மேசையில்தான் வீட்டைப் பற்றி, பயத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவோம். மேசையை விட்டு விலகுபவர் அந்தப் பேச்சையும் இழக்கிறார். மூன்று, நான்கு ஆண்டுகள் ஒன்றாகப் படித்தும் நம் நட்பு வட்டம் நம் இனத்தைத் தாண்டாமலே போய்விடலாம்.

யோசித்துப் பார்த்தால், நம்மைப் போன்றவர்களுக்குத் திம்சம் வசதியான உணவு. சின்ன மூங்கில் கூடையில் மூன்று, நான்கு துண்டுகள் வரும். எல்லாம் மேசையின் நடுவில் இருக்கும். ஒருவர் ஒரு கூடையைத் தொடாவிட்டால் விருந்து கெட்டுவிடாது.

ஆனால், பார்த்த மாத்திரத்தில் எதையும் முடிவு செய்ய முடியாது. ‘சியூ மாய்’ பெரும்பாலும் பன்றி இறைச்சியும் இறாலும் கலந்தது. ‘ஹார் காவ்’ இறால் கொழுக்கட்டைதான் என்றாலும், சில கடைகளில் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பார்கள். ‘கேரட் கேக்’ என்பதில் கேரட்டே கிடையாது. வெள்ளை முள்ளங்கியும் அரிசி மாவும்தான். சைவம் என்று நினைத்தால், உள்ளே காய்ந்த இறாலோ சீன சாசேஜோ இருக்கலாம். கைப்பேசியில் படம் பார்த்து ஆர்டர் செய்யும்போது இதெல்லாம் தெரியாது. வாய் திறந்து கேட்கத்தான் வேண்டும்.

நான் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் சாப்பிடுவதில்லை. அதை முதல் நாளே நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு சீனத் தோழி ஒவ்வொரு கூடையைப் பற்றியும் பணியாளரிடம் மாண்டரினில் விசாரித்தாள். சிறு வயது முதல் தான் சாப்பிட்டுவரும் பண்டங்களில் என்ன இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது என்று அவளே சிரித்தாள்.

கேள்வி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதும் உண்மை. ஹலால் உணவு மட்டும் உண்பவர்களுக்கும், தீவிர சைவர்களுக்கும் வேறு கடைதான் சரி. ஹலால் சான்றிதழ் பெற்ற திம்சம் கடைகள் சிங்கப்பூரில் இருக்கின்றன. ஆனால், நாம் சொன்னால்தானே நண்பர்கள் கடையை மாற்றுவார்கள்?

அந்த மேசைக்கென்று சில பழக்கங்களும் உண்டு. திம்சம் சாப்பிடப் போவதைக் கேன்டனீஸ் மொழியில் ‘யாம் சா’, அதாவது தேநீர் குடிப்பது என்பார்கள். தேநீரை முதலில் மற்றவர்களுக்கு ஊற்றிவிட்டுத்தான் தனக்கு ஊற்றிக்கொள்வார்கள். ஊற்றியவருக்கு நன்றியாக இரு விரல்களால் மேசையை மெல்லத் தட்டுவார்கள். வாழையிலையில் கையால் சாப்பிடும் சீன நண்பரைப் பார்த்தால் நமக்கு எவ்வளவு மகிழ்ச்சி! நாம் விரல் தட்டும்போது அவர்களுக்கும் அதே மகிழ்ச்சிதான்.

1962இல் தொடங்கப்பட்டு இன்று ஜாலான் புசாரில் பெயர்பெற்று விளங்கும் ‘சுவீ சூன்’ திம்சம் கடை, தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே போவதற்கு மட்டுமல்ல, அங்கிருந்து நண்பர்களைத் தேக்காவுக்கு அழைத்து வரவும் அதே தூரம்தான். அப்படி அழைக்கும்போது நாமும் முந்திக்கொண்டு கேட்க வேண்டும். கண்டிப்பான பௌத்த சைவர்களான சீனர்கள் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. நம் சாம்பாரிலும் குருமாவிலும் அவை இல்லாமல் இருக்குமா? “உனக்கு எது ஆகாது?” என்று நாமே முதலில் கேட்டுவிட்டால், அவர்களுக்கும் கூச்சம் இருக்காது.