மழை குறைவாம், காற்று?

2020 டிசம்பர் 2 இரவு புரேவி புயல் கரையேறியது திருகோணமலைக்கு வடக்கே, திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில். பயந்த அளவுக்கு அழிவில்லை. மன்னார் வளைகுடா வரை போய் அங்கேயே வலுவிழந்தது. ஆனால் இப்படியான புயல்களுக்கு வாய்ப்பைக் கூட்டும் லா நினா, அதற்கு மாதங்களுக்கு முன்பே பசிபிக் கடலில் தொடங்கிவிட்டிருந்தது.

தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயல் அந்தமான் கடலில் பிறந்து, திருகோணமலைப் பக்கத்தைக் குலைத்துவிட்டுத்தான் அங்கே போனது. 2000 டிசம்பர் 26இல் இன்னொன்று திருகோணமலைக்கருகே கரைகடந்தது. அந்த இரண்டு ஆண்டுகளும் லா நினா ஆண்டுகளே.

லா நினாவில் பசிபிக்கின் கிழக்குக் காற்று பலத்து, சூடான நீரை இந்தோனேசியப் பக்கம் ஒதுக்கும். அப்போது வங்கக் கடலின் மேல் ஈரம் கூடும். கீழ்க்காற்றுக்கும் மேல்காற்றுக்குமான வேக வேறுபாடு குறையும். அந்த வேறுபாடு பெரிதாயிருந்தால் எழும்புகிற புயல் இடுப்பொடிந்து சாய்ந்துவிடும். குறைந்தால் நிமிர்ந்து வலுக்கும்.

எனக்குக் கவலை தருவது இன்னொன்று. இதே லா நினா ஐப்பசி, கார்த்திகை மழையைப் பெரும்பாலும் குறைக்கும். அதற்கு நேரெதிரான எல் நினோவில்தான் அந்த மாதங்களில் நமக்கு மழை கூடும். குளத்தை நம்பிப் பெரும்போகம் விதைக்கும் திரியாய்க் கமக்காரர், புரட்டாதியில் "இந்த முறை மழை குறைவாம்" என்று கேட்டால் தண்ணீரை நினைப்பார், புயலை நினைக்கமாட்டார். கரையில் வள்ளமும் இயந்திரமும் வைத்திருப்பவரும் அப்படித்தான்.

லா நினா இல்லையென்றால் புயல் இல்லை என்றும் இருந்துவிட முடியாது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த புயலின்போது லா நினா இல்லை. இதற்கு மேல், இந்தத் தொடர்பைக் கூட்டவோ குறைக்கவோ கூடிய, பசிபிக்கிலேயே இருபது முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை புரளும் இன்னொரு நீண்ட சுழற்சியும் உண்டு. செயற்கைக்கோள்கள் புயல்களைப் பார்க்கத் தொடங்கியதே 1960களில்தான். அந்தச் சுழற்சியின் ஓரிரு புரளல்களைத்தான் நாம் சரியாகப் பதிந்திருக்கிறோம். ஆகவே இதெல்லாம் வாய்ப்புக் கணக்கு, நாள் குறிப்பதல்ல.

ஆனாலும் அந்தக் கணக்கு ஊருக்கு வந்துசேர வேண்டும். வாடை தொடங்குமுன், மழை எவ்வளவு என்பதோடு புயலுக்கான வாய்ப்பு எப்படி என்பதையும் கமக்காரர் அமைப்பிலும் மீனவர் சங்கத்திலும் தமிழில் சொல்லவேண்டும். வள்ளங்களை எங்கே ஏற்றுவது, எந்தக் கூரையை இறுக்கிக் கட்டுவது என்பதையெல்லாம் புரட்டாதியிலேயே பேசி முடித்துவிடலாம்.