குழந்தைக்குக் காவல் எது?

ஒரு குழந்தை இரவில் அலறி எழுந்தாலோ, பள்ளிக்கூடம் போக நடுங்கினாலோ நம் மக்கள் முதலில் செய்வது என்ன? கண்ணேறு பட்டது, பேய் அறைந்தது என்று தாயத்துக் கட்டுவார்கள். அது பலிக்காவிட்டால் தலையெழுத்து என்று விட்டுவிடுவார்கள். உனக்கு என்ன பயம், என்ன துக்கம் என்று அக்குழந்தையைக் கேட்பவர் மாத்திரம் இல்லை.

இந்தத் தலையெழுத்தைச் சோதித்தாற்போல ஓர் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றாகிய கவாயில் 1955-ம் வருஷம் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற அம்மையாரும் அவரது கூட்டாளிகளும் 40 வயது வரை தொடர்ந்து கவனித்து வந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, பிரசவக் கோளாறு, வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடி, மனநோய் முதலியவற்றில் பலவற்றுக்கு ஒருங்கே ஆளானவர்கள்.

ஜோசியனைக் கேட்டிருந்தால் இவர்கள் எல்லோருக்கும் ஒரே பலன்தான் சொல்லியிருப்பான். நடந்தது என்ன? 18 வயதுக்குள் இவர்களில் மூன்றில் இருவர் படிப்பிலோ, நடத்தையிலோ, மனநிலையிலோ தொல்லைப்பட்டார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் அன்பும் உள்ள மனிதராக வளர்ந்தார். அதற்குக் கண்ட காரணங்களில் முக்கியமானது, தன்னை ஏற்றுக்கொண்டு கவனிக்கிற ஓர் ஆளாவது அவருக்குச் சிறு வயதில் கிடைத்தார் என்பதே. அந்த ஆள் தாயாகவேதான் இருக்க வேண்டுமென்பதில்லை. பாட்டியோ, அத்தையோ, அக்காளோ, வாத்தியாரோ, அடுத்த வீட்டுக்காரரோ அந்த இடத்தில் இருந்தார்கள்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. பயந்த குழந்தையின் இரத்தத்தில் கார்ட்டிசோல் என்னும் சுரப்பு ஏறுகிறது. நம்பிக்கைக்குரியவர் பக்கத்தில் இருந்தால் அந்த ஏற்றம் குறைகிறது. இதை விஞ்ஞானிகள் அளந்து பார்த்திருக்கிறார்கள். தாயத்தினால் குறையுமென்று அளந்து காட்டியவர் யார்?

"அப்படியானால் அன்பு போதுமே, வறுமை இருந்தால் என்ன?" என்று சிலர் கேட்க வருவார்கள். மூன்றில் இருவர் தொல்லைப்பட்டதை அவர்கள் மறக்க வேண்டாம். வறுமையும் குடியும் ஒழிந்தே தீரவேண்டியவை. ஆனால் அவை ஒழிகிற வரையில் இன்றைய குழந்தை வளராமல் காத்திருக்குமா என்றுதான் நாம் கேட்கிறோம்.

ஆகவே, அழுகிற பிள்ளையை "ஆண்பிள்ளை அழலாமா?" என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் பிள்ளையானாலும், எந்தத் தெருப் பிள்ளையானாலும், எந்த ஜாதிப் பிள்ளையானாலும் கேளுங்கள். இதற்குத் தட்சணை கொடுக்க வேண்டியதில்லை.